மூன்றாவது தட்டில் இருந்த எண்ணெய்

போன மாதம் நிவேதா போன் செய்தாள். ஓய்வு பெறும்வரை நான் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். பெற்றோர் மதுரைக்காரர்கள், இவள் படித்ததெல்லாம் ஹைதராபாத் தார்நாகாவில். நான் தமிழில் கேட்பது நன்றாகப் புரியும். பதில் மட்டும் எந்த மொழியில் வரும் என்று சொல்ல முடியாது.

“மேடம், ஒரு சேம்பிள் வந்திருக்கு. யூஸ்டு காஸ்னு சொல்றாங்க. பட் ரொம்ப கிளீனா இருக்கு மேடம். டவுட் பண்ணலாமா, நக்கோவா?” நக்கோ என்றால் இந்த ஊர் உருதுவில் வேண்டாம்.

வேறு எந்த ஆய்வகத்திலும் இந்தக் கேள்வி எழாது. பாலைச் சோதிப்பவர் அதில் தண்ணீரைத் தேடுவார். மிளகாய்த்தூளைச் சோதிப்பவர் செங்கல் பொடியைத் தேடுவார். எங்கள் மேசைக்கு வரும் பொருள் சுத்தமாக இருந்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும்.

சுத்தத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, காகித உறையைத் திறக்காமல் மற்ற சோதனைகளையும் முடி என்றேன். அவள் விடவில்லை. குஷாய்குடா தேவராஜ் விவகாரத்தை ஆய்வகத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்களாம். சிலர் அவரைப் பெரிய கடத்தல்காரர் என்கிறார்களாம், சிலர் பாவம் ஏமாந்த மனிதர் என்கிறார்களாம். “நீங்க அங்கே இருந்தீங்க இல்ல, எழுதிக் குடுங்க மேடம்” என்றாள். இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

வெளியாட்களும் படிக்கக்கூடும் என்பதால் முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய ஏ.சி.களிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் ஓடுவது ஆர்-22 என்ற வாயு. வெளியே கசிந்தால் மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும். நாடுகள் கூடிப் பேசி, அதைப் புதிதாகத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் படிப்படியாகக் குறைத்து வருகின்றன. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களை ஒரே நாளில் நிறுத்திவிட முடியாது. ஆகவே பழைய இயந்திரத்திலிருந்து உறிஞ்சி எடுத்து, சுத்தம் செய்து, மறுபடி விற்கும் வாயுவுக்கு ஒரு சலுகை உண்டு. அதைக் கொண்டுவர அனுமதி வாங்க வேண்டும். ஆனால் நாட்டுக்கு விதித்த அளவில் அதைக் கழிக்க மாட்டார்கள். நல்ல எண்ணத்தில் திறந்த வாசல்தான். அதே வாசல் வழியாகப் புது வாயு பழைய வாயுவின் வேஷத்தில் வர ஆரம்பித்தது. ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது புதிதாக இருந்தது, இங்கே இறங்கும்போது பழையதாகிவிடும்.

நான் இந்த வேலைக்கு நேராக வரவில்லை. வேதியியல் படித்தேன், வேலை கிடைக்கவில்லை, செகந்திராபாத்தில் ஒரு பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் கொஞ்ச காலம் செய்தி எழுதினேன். அங்கே செய்தி மேசையில் இருந்தவர் எந்தச் செய்தியைக் கொடுத்தாலும் இரண்டே கேள்வி கேட்பார்: யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும்? பிறகு ஹப்சிகுடாவில் ஒரு தனியார் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. சுங்கத் துறை எங்களுக்கு மாதிரிகளை அனுப்பும். சோதனை முறைகளைக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. ரிஸ்வான் சாரைப் புரிந்துகொள்ளத்தான் வருடங்கள் ஆயின.

ரிஸ்வான் சார் தலைமை வேதியியலாளர். மலக்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். கழுத்துப் பித்தான்வரை போட்ட சட்டை, சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி. அவர் வைத்த விதி ஒன்றுதான் ஆய்வகத்தையே நடத்தியது. மாதிரி வந்ததும் அதோடு வந்த காகிதங்களை, யார் அனுப்பியது, யார் இறக்குமதி செய்தது, எந்த நாட்டுச் சரக்கு என்று யாரும் படிக்கும் முன்பே, உறையிலிட்டு அலமாரியில் பூட்டிவிடுவார். மாதிரிக்கு ஒரு எண் மட்டும் இருக்கும். முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறை வெளியே வரும். அலமாரிச் சாவி அவருடைய டிபன் கேரியரின் மேல் தட்டில் கிடக்கும். சார் சாப்பிட்டால்தான் ரிப்போர்ட் வரும் என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். அவர் காதில் விழுந்தும் இருக்கிறது. “காகிதத்தைப் படித்த கண் அதற்குப் பிறகு காகிதத்தைத்தான் பார்க்கும்” என்றார் ஒரு முறை. எங்களிடம் அவர் பேசியது ஹைதராபாத் உருது. அவர் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்.

‘தெரிகிறது’, ‘தோன்றுகிறது’ என்று அறிக்கையில் எழுதினால் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் “யாருக்கு?” என்று எழுதித் திருப்பி அனுப்புவார். நான் பழைய செய்தி மேசைக்கே திரும்பிவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

சோதனை எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், பின்னால் அது தேவைப்படும். சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்தால் திரவம் வரும். அளந்து எடுத்த திரவத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டால் அது தானே கொதித்து ஆவியாகிவிடும். அவ்வளவு குளிர்ந்த திரவம், குழாயின் வெளிப்புறத்தில் உறைபனி பூக்கும். வாயு போனபின் அடியில் மிஞ்சுவதுதான் எண்ணெய். இயந்திரத்தின் கம்ப்ரஸரில் ஊற்றிய எண்ணெய் வாயுவோடு சேர்ந்தே சுற்றிக்கொண்டிருந்ததால் வந்தது. அதைத் தட்டையான கண்ணாடித் தட்டில் சேர்த்து, மின் அடுப்பில் காயவைத்து, ஈரம் புகாத மூடிய ஜாடியில் ஆறவைத்து, பிறகு எடை பார்ப்போம். அடுப்பில் காயாத தட்டை ரிஸ்வான் சார் தராசுக்குப் பக்கத்திலேயே விட மாட்டார். “ஹைதராபாத் காற்றையும் சேர்த்து எடை போடப் போகிறாயா?” என்பார். எண்ணெய் போக ஈரம் எவ்வளவு, அமிலம் எவ்வளவு, வேறு வாயு கலந்திருக்கிறதா என்று தனித்தனியாகப் பார்ப்போம். நிஜமாகவே ஓடிய இயந்திரத்திலிருந்து வந்த வாயுவில் இவை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். மெக்கானிக்குகள் கையில் கிடைத்ததை ஊற்றியிருப்பார்கள். கம்ப்ரஸர் கருகியிருக்கும். ஒரு சிலிண்டர் போல இன்னொன்று இருக்காது.

தேவராஜை ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரியும். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், பூர்வீகம் வேலூர்ப் பக்கம். குஷாய்குடாவில் ஒரு கொட்டகை போட்டு, பழைய ஏ.சி.களிலிருந்து வாயுவை எடுத்துச் சுத்தம் செய்து விற்றார். நகரத்தில் அந்த வேலையை அவரைப் போல யாரும் செய்ததில்லை. அவர் சுத்தம் செய்த வாயு புதியதற்குக் கொஞ்சமும் குறையாது. அந்தச் சுத்தத்தாலேயே ஒரு தடவை மாட்டிக்கொண்டார்: உள்ளூர் வாயு கொஞ்சம் வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, இது பழையதாக இருக்க முடியாது என்று அதிகாரிகள் பிடித்து வைத்தார்கள். ரிஸ்வான் சார் நேரில் போய்க் கொட்டகையைப் பார்த்து, முன்னும் பின்னும் மாதிரி எடுத்து, அவரை விடுவித்தார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் நட்பு. ரம்ஜானுக்குத் தேவராஜ் பேரீச்சம்பழம் கொண்டுவருவார். தீபாவளிக்குச் சார் அவர் வீட்டுக்குப் போவார்.

“அழுக்கா குடுத்தா நல்லவன், சுத்தமா குடுத்தா திருடன். உங்க ஊர் சட்டம் நல்லாருக்கு மேடம்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். தன் ஊரும் அதுதான் என்பதை அவர் மறந்துவிட்டார்.

அந்த மழைக்காலத்தில் வந்த மாதிரிகள் பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தன. நகருக்கு வெளியே கன்டெய்னர் முனையத்தில் இறங்கிய ஒரு சரக்கிலிருந்து எடுத்தவை. யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. உறை அலமாரியில் இருந்தது. முதல் சிலிண்டரில் எண்ணெய் இருந்தது, பழைய வாயுவில் இருக்க வேண்டிய அளவுக்கே இருந்தது. “இன்னொன்று” என்றார் சார். அதிலும் எண்ணெய், அதே அளவு. “இன்னொன்று.” அதே அளவு.

இது போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். எல்லா வாயுவையும் முதலில் ஒரே பெரிய தொட்டியில் கொட்டிவிட்டுப் பிறகு சிலிண்டர்களில் நிரப்பியிருந்தால் எல்லாம் ஒரே அளவில்தான் இருக்கும். நேர்மையானவர்களும் அப்படிச் செய்வதுண்டு, தேவராஜே அப்படித்தான் செய்கிறார் என்றார். அவர் சொன்னது சரி.

ஈரம் பார்த்தேன். கிட்டத்தட்ட இல்லை. அமிலமும் இல்லை. வேறு வாயுவின் சுவடுகூடக் கிடையாது. எண்ணெய் மட்டும் இருந்தது, தேன் நிறத்தில், தெளிவாக.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. சுத்தம் செய்கிறவர் முதலில் எடுப்பது எண்ணெயைத்தான். அது சுலபம், இயந்திரத்தின் முதல் கட்டத்திலேயே பிரிந்துவிடும். ஈரத்தையும் அமிலத்தையும் கடைசியில்தான் வடிகட்டி எடுக்க முடியும். இந்த வாயுவில் கடைசியாகப் போக வேண்டிய அழுக்கு போயிருந்தது, முதலில் போக வேண்டியது நின்றிருந்தது. சேறு அப்படியே இருக்க, சட்டைக் காலரின் கறையை மட்டும் யாரும் துவைத்து எடுப்பதில்லை. இது புது வாயு. பழையதாகக் காட்ட யாரோ எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள்.

சார் என் குறிப்புகளை இரண்டு தடவை படித்தார். குறை சொல்லவில்லை, ஆனால் கையெழுத்தும் போடவில்லை. எங்களைத் தவிர எண்ணெயை அறிந்த ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்றார். அன்று மத்தியானம் தேவராஜ் தன் உள்ளூர் வாயுவுக்குச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைச் சார் உள்ளே கூப்பிட்டார். இது எந்த விதியிலும் இல்லை. அதை நான் அப்போதே சொன்னேன். “எண் மட்டும்தானே இருக்கிறது, பேர் யாருக்குத் தெரியும்?” என்றார் சார்.

மேசையில் மூன்று கண்ணாடித் தட்டுகளை வைத்தார். முதலாவதில் கருகிய கம்ப்ரஸரிலிருந்து வடித்த எண்ணெய். இரண்டாவதில் கடையில் வாங்கிய டின்னிலிருந்து ஊற்றிய புது எண்ணெய். மூன்றாவதில் நாங்கள் சோதித்த மாதிரியில் மிஞ்சியது. காலையில் அடுப்பில் காயவைத்து, ஜாடியில் ஆறவைத்து, எடை பார்த்து முடித்த தட்டு. எது எது என்று தட்டின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தது. மேலிருந்து பார்த்தால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் கிடையாது. நானே அடியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

“மூணும் என்னன்னு சொல்லு” என்று மட்டும் கேட்டார் சார்.

தேவராஜ் முதல் தட்டில் ஆள்காட்டி விரலை வைத்தார். கட்டைவிரலோடு தேய்த்தார், முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார். “கருகினது சார். விரலைக் கடிக்குது.” விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். இரண்டாவதில் விரலை வைத்து, தேய்த்து, முகர்ந்தார். “டின்னுல இருந்து வந்தது. மெஷின் வாசனையே படாதது.” மறுபடி துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது தட்டைப் பார்த்தார். தொடவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

“இது காஸ்லேர்ந்து எடுத்தது சார். ஆனா பழைய காஸ் கிடையாது. புது காஸ்ல எவனோ வேணும்னே எண்ணெய் ஊத்தியிருக்கான். யாரு சார் இந்த வேலை பண்றது?”

சார் ஜன்னல் பக்கம் திரும்பி அவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விரலை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

தேவராஜ் கிளம்பியதும் சார் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து சாவியை எடுத்தார். உறையைப் பிரித்தார். இறக்குமதி செய்தவர் பெயர் தேவராஜ். குஷாய்குடா முகவரி. முதல் தடவையாக வெளிநாட்டிலிருந்து பழைய வாயு வரவழைத்திருக்கிறார். எங்களிடம் வாய் திறக்கவில்லை. சார் அந்தக் காகிதத்தை மேசையில் வைத்தார்.

விசாரணையில் கேள்வி இவ்வளவுதான்: தேவராஜுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாமல் ஏமாந்திருந்தால் சரக்கு போகும், இறக்குமதி அனுமதி போகும், அதோடு முடிந்தது. தெரிந்தே செய்திருந்தால் வழக்கு, சிறை, கொட்டகைக்குப் பூட்டு. ரிஸ்வான் சார் நடந்ததைச் சொன்னார். யாருடைய மாதிரி என்று தெரியாமலே தேவராஜ் உண்மையைச் சொன்னார் என்றார். குற்றம் செய்தவன் தன் சரக்கைத் தானே காட்டிக்கொடுப்பானா என்று கேட்டார். விசாரித்த சுங்க அதிகாரி தலையாட்டினார். அவர் வயது குறைந்தவர், வடக்கேயிருந்து வந்தவர், சீக்கிரம் முடிக்க நினைத்தார்.

பிறகு என்னைக் கேட்டார். எண்களைச் சொன்னேன். கேட்காத ஒன்றையும் சொன்னேன்: முதல் இரண்டு தட்டையும் தொட்டுப் பார்த்துச் சொன்னவர் மூன்றாவதைத் தொடவில்லை, கண்ணால் மட்டும் பார்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதான். சுங்கத்தார் தன் சரக்கில் மாதிரி எடுத்தது தேவராஜுக்குத் தெரியும். எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வரும் என்பதும் தெரியும். தட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, இனி ஏமாந்தவனாக நடிப்பதே நல்லது என்று முடிவு செய்திருக்கலாம்.

“அப்படியானால் தெரியும் என்கிறீர்களா?” என்றார் அதிகாரி.

“தொடவில்லை என்கிறேன்.”

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

படியிறங்கும்போது சார் சொன்னார்: “உன் கண்ணில் குறை இல்லை. ஆனால் ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்க ஒரு விரல் போதுமா?”

“நிரபராதி ஆக்க ஒரு வாக்கியம் போதுமா சார்?”

“அகபார்வாலி” என்றார். பத்திரிகைக்காரி என்று அர்த்தம். சிரித்தாரா என்பது ஹெல்மெட்டுக்குள் தெரியவில்லை. ஸ்கூட்டர் கிளம்பிப் போனபிறகு எனக்கு இன்னொன்றும் தோன்றியது. அலமாரிச் சாவி அந்த ஆய்வகத்தில் ஒருவரிடம்தான் இருந்தது. உறையைப் பிரிக்கும் முன்பே அவர் பார்த்திருந்தால், நண்பனுக்கு ஒரு வழி காட்டுவதற்காகவே மூன்று தட்டையும் அடுக்கியிருந்தால்? இதைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அவர் காலமாகிவிட்டார். இதற்கு மேல் எழுதினால் அது அவர் சிவப்பு மையில் சுழிக்கிற வாக்கியமாகிவிடும்.

தேவராஜ் தப்பினார். சந்தேகத்தின் பலன் அவருக்குக் கிடைத்தது. சரக்கைப் பறிமுதல் செய்தார்கள், அனுமதியை ரத்து செய்தார்கள். கொட்டகையை அவரே சில மாதங்களில் மூடிவிட்டு ஏ.சி. ரிப்பேருக்குத் திரும்பினார்.

நிவேதாவுக்கு இதுவரை எழுதி, இதோடு முடித்துவிடலாம் என்றிருந்தேன். அந்த வாரம் சைனிக்புரியில் எங்கள் வீட்டு ஏ.சி. நின்றது. பழைய மாடல், ஆர்-22 தான். கீழ்வீட்டு ரிட்டயர்ட் சுபேதார் ஒரு நல்ல மெக்கானிக் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவைத்தார். கதவைத் திறந்தால் தேவராஜ். மீசை முழுக்க நரைத்திருந்தது.

“மேடமா! உங்க வீடுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா நல்ல சட்டை போட்டுட்டு வந்திருப்பேன்.”

உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை, வேலையை ஆரம்பித்தார். ரிஸ்வான் சாரின் இறுதி ஊர்வலத்தைப் பற்றிப் பேசினார், அழாமல், கொஞ்ச நேரம். பிறகு வால்வைத் திருகிக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் சொன்னார்:

“அன்னிக்கி மூணாவது தட்டை நான் தொடலைன்னு ஆபீசர்கிட்ட சொன்னீங்களாம். கைக்கு மேடம், ஏன்? என்கிட்டயே கேட்டிருக்கலாமே.”

“இப்போ கேக்கறேன்.”

“தொடவே வேண்டியதில்ல. தட்டோட வெளிப்பக்கம் பூரா தண்ணி பூத்திருந்துச்சு. காஸ் ஆவியானா கண்ணாடி ஜில்லுன்னு ஆயிடுமில்ல. அந்த வேர்வையைப் பாத்ததும் இது காஸ்லேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சுபோச்சு. நாப்பது வருசமா பாக்கறேன் மேடம், இதுகூடத் தெரியாதா?”

நல்ல காரணம். வாழ்நாள் முழுக்க வாயுவோடு பழகிய ஒருவருக்குத்தான் அப்படித் தோன்றும். விசாரணையில் சொல்லியிருந்தால் அதிகாரி உடனே நம்பியிருப்பார். கொட்டகையில் யாரும் எண்ணெய்த் தட்டை அடுப்பில் வைப்பதில்லை என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

“அது அடுப்பில காஞ்ச தட்டு, தேவராஜ். காலையிலேயே காயவெச்சு, ஆறவெச்சு, எடை போட்டாச்சு. அதுல தண்ணி இல்லை.”

அவர் கை வால்வின் மேலேயே நின்றது. பிறகு அரைச் சுற்றுத் திருகினார்.

“அப்போ என் ஞாபகந்தான் தப்பா இருக்கும் மேடம். வயசாயிடுச்சில்ல.”

“ஹவ்” என்றேன், ஆமாம் என்று.

கருவிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். ரிமோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். “போட்டுப் பாருங்க.”

அவர் கொண்டுவந்த சிலிண்டரில் எந்த அடையாளமும் ஒட்டியிருக்கவில்லை. புதியதா, பழையதா என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. அறை நன்றாகத்தான் குளிர்கிறது.